பல்லை நறநறவெனக் கடிப்பவர்களுக்கு: கார்டா, கேப்பா, ஊசியா?

"தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள், நன்றாகத் தேய்ந்திருக்கிறது" என்று பல் டாக்டர் சொன்ன அன்றைக்கே யோசனைகள் குவிய ஆரம்பித்துவிடும். ராத்திரி பல்லின் மேல் உறைபோல மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு செய்துகொள்ளலாம் என்பார் ஒருவர். தேய்ந்த பற்களுக்கெல்லாம் கேப் போட்டுவிடலாம் என்பார் இன்னொருவர். கன்னத்தில் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டால் நின்றுவிடும் என்று யூடியூப் பார்த்த மச்சான் சொல்வார். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கிக்கொள்ளும் கார்டும் உண்டு. வீட்டுப் பாட்டி இதையெல்லாம் விட்டுவிட்டு, பூச்சி மாத்திரை வாங்கிவா என்பார்.

நான் டாக்டர் இல்லை. கும்பகோணத்தில் ஒரு பல் லேபில் கார்டும் கேப்பும் செய்கிறவன். பாபநாசம், மன்னார்குடி, மயிலாடுதுறை, திருவாரூர் என்று பல ஊர் கிளினிக்குகளிலிருந்து வரும் பல் பதிவுகளில் (நாங்கள் அளவு என்போம்) பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பதால், யார் பல் எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கிற வேலை எனக்கு. இந்த வழிகளை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: பிறகு வேண்டாம் என்று தோன்றினால் திரும்பிப் போக முடியுமா? கார்டு ஒத்துவரவில்லை என்றால் கழற்றி வைத்துவிடலாம். கேப் போடுவதற்காகச் சீவி எடுத்த எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேல்தோடு, மறுபடி வளராது. அதனால் திரும்ப வரக்கூடிய வழிகளில் முதலில் போங்கள். மற்றது பிறகு, அதுவும் தேவைப்பட்டால் மட்டும்.

எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான்

இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. கனடாவில் 1994ல் வெளியான கணக்கெடுப்பில், தூங்கும்போது பல்லைக் கடிப்பதாகச் சொன்னவர்கள் 8 சதவீதம். இளைஞர்களில் 13 சதவீதமாக இருந்தது, 60 வயதைத் தாண்டியவர்களில் 3 சதவீதமாகக் குறைந்திருந்தது. அதாவது பலருக்கு வயதோடு இது தானாகவே தணிகிறது. வேறு தொந்தரவு இல்லாத ஒருவருக்கு இதை நோயாகவே கருத வேண்டியதில்லை என்று இந்தத் துறையின் நிபுணர்கள் பல நாடுகளிலிருந்து சேர்ந்து 2018ல் எழுதியிருக்கிறார்கள். தூக்கம் சில நொடிகளுக்கு லேசாகக் கலைகிறது, இதயத் துடிப்பு கொஞ்சம் கூடுகிறது, அப்போது தாடைத் தசைகள் வேலை செய்கின்றன. பக்கத்தில் படுத்திருப்பவருக்குச் சத்தம் கேட்பது மட்டும்தான் பிரச்சினை என்றால், அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

பல்லும் தாடையும் அடிவாங்குகிறதா என்பதுதான் கேள்வி. காலையில் எழுந்ததும் தாடை இறுகியிருக்கிறதா, நெற்றிப்பொட்டில் வலிக்கிறதா? பானைத் தண்ணீர் பட்டாலே கூசுகிறதா? கன்னத்தின் உட்புறம் பற்கள் சேரும் உயரத்தில் வெள்ளைக்கோடு இருக்கிறதா, நாக்கு ஓரத்தில் பல் தடம் பதிந்திருக்கிறதா? அடைத்த சிமெண்ட் அடிக்கடி பெயர்கிறதா? கண்ணாடி முன் நின்று கோரைப்பல்லைப் பாருங்கள். அதன் கூர்முனை மழுங்கித் தட்டையாகி, கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது மேல் தட்டையும் கீழ் தட்டையும் பூட்டுப்போல் பொருந்தினால், அது உரசித் தேய்ந்த இடம்.

ஆனால் ஒன்று: தேய்ந்த பல் இப்போதும் கடிக்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி ஆகாது. பத்து வருடத்துக்கு முன்பு தேய்ந்து, பிறகு நின்றும் போயிருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. டாக்டரிடம் அளவு எடுத்து ஓர் அச்சு செய்துகொண்டு, தேதி எழுதி வீட்டில் வைத்திருங்கள். ஒரு வருடம் கழித்து இன்னொரு அச்சு எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். வலியும் இல்லை, கூச்சமும் இல்லை, தேய்வும் லேசு என்பவர்களுக்கு இதுதான் நான் சொல்லும் முதல் வழி.

கார்டு: மூன்று வகை, மூன்றும் ஒன்றல்ல

தேய்வு இப்போதும் நடக்கிறது, அல்லது காலை வலி இருக்கிறது என்றால் கார்டு பற்றிப் பேசலாம். முதலில் அது எதைச் செய்யாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கார்டு பல் கடிப்பதை நிறுத்தாது. முதல் சில வாரங்கள் பலருக்குக் குறையும், அப்புறம் பழைய நிலைக்கே வரும். கொள்ளிடக் கரை வெள்ளத்தை நிறுத்துவதில்லை, ஊரைக் காப்பாற்றுகிறது. கார்டும் அப்படித்தான். பல்லுக்குப் பதில் பிளாஸ்டிக் தேயும். ஆறு மாதம் போட்டும் இன்னும் கடிக்கிறேனே என்று கோபப்பட்டு அதைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. கார்டில் விழுந்த கீறல்களையெல்லாம் அவர்கள் பல்லில் விழாத கீறல்களாகப் பார்த்திருக்க வேண்டும்.

வெந்நீரில் போட்டு, இளகியதும் கடித்துப் பதித்துக்கொள்ளும் கார்டு மிக மலிவு. விளையாட்டு வீரர்கள் போடுவதும் ஏறக்குறைய இதே வகைதான். வாயில் ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு தூங்க முடியுமா என்று சோதித்துப் பார்க்க இது பயன்படும். பல் உடைந்து வலி இருக்கும் சில நாட்களுக்குத் தற்காலிகமாகவும் போடலாம். மாதக்கணக்கில் போடக்கூடாது. அது எல்லாப் பல்லையும் சமமாகத் தாங்குவதில்லை, கனமாகவும் இருக்கும். முன்பற்களை மட்டும் மூடும் சின்னக் கார்டுகளும் கிடைக்கின்றன. அவற்றில் எனக்குக் கூடுதல் பயம் உண்டு. எதிரே தாங்கல் இல்லாத கடைவாய்ப் பற்கள் மெல்ல எழும்பி, கடி மாறிப்போகலாம். அது கழற்றி வைத்தாலும் திரும்பாது. தூக்கத்தில் விழுங்கிவிடும் ஆபத்தும் சின்ன சாதனத்துக்கு அதிகம்.

இரண்டாவது, டாக்டர் அளவு எடுத்து மெல்லிய ரப்பர் போன்ற தகட்டில் அழுத்திச் செய்வது. போட்டவுடன் சுகமாக இருக்கும், விலையும் நடுத்தரம். ஆனால் சிலருக்கு இது மெல்லுவதற்கு ஏதோ கிடைத்தது போலாகிவிடுகிறது. 1987ல் பத்துப் பேரை வைத்துச் செய்த ஒரு சிறு ஆய்வில், கெட்டிக் கார்டு போட்டபோது எட்டுப் பேருக்குத் தசையின் வேலை குறைந்தது. மென்கார்டு போட்டபோது ஐந்து பேருக்குக் கூடியது. பத்துப் பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் எங்கள் மேசைக்குத் திரும்பி வரும் மென்கார்டுகளைப் பார்க்கும்போது எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. கடைவாய்ப் பக்கம் ஓட்டை விழுந்தே வருகின்றன.

மூன்றாவது, அக்ரிலிக் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்யும் கார்டு. என் பரிந்துரை இதுதான், இதற்காக வாதாடவும் தயார். ஒரு தாடைப் பற்கள் முழுவதையும் மூட வேண்டும். எதிர்த்தாடைப் பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் அதன் மேல் படிய வேண்டும். பக்கவாட்டில் நகர்த்தும்போது கோரைப்பல் பகுதி மட்டும் வழிகாட்டி, கடைவாய் விலகிப்போக வேண்டும். இவ்வளவும் லேபில் மட்டும் முடிந்துவிடாது. போட்டுவிடும் அன்று டாக்டர், பல் படும் இடத்தில் மை பதிக்கும் நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாகப் படும் இடங்களைச் சீவிச் சரிசெய்ய வேண்டும். ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து இன்னொருமுறை பார்க்க வேண்டும். நீலத்தாள் வைக்காமல் "போய்ப் போட்டுப் பாருங்கள்" என்று அனுப்பினால், சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உயரம் சமமில்லாத கெட்டிக் கார்டு காலையில் தாடையை இன்னும் வலிக்கவைக்கும். பணம் சில ஆயிரம் ஆகும். சரியாகச் செய்தால் சில வருடம் வரும். நடுவில் புதிதாகக் கேப்போ சிமெண்டோ போட்டால் கார்டையும் எடுத்துப்போய்த் திருத்திக்கொள்ள வேண்டும்.

சுத்தம் பற்றி ஒரு வார்த்தை. பச்சைத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். பேஸ்ட் அதைக் கீறும், வெந்நீர் வளைக்கும். காற்றோட்டமுள்ள டப்பாவில் வையுங்கள், நாய் வளர்க்கும் வீட்டில் உயரமான இடத்தில் வையுங்கள். நாய்கள் இதைத் தேடி எடுத்துக் கடித்துவிடுகின்றன.

கார்டுக்கு முன் குறட்டை

அளவு எடுக்கப் போகும் முன், வீட்டில் உள்ளவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நான் பலமாகக் குறட்டை விடுகிறேனா, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறேனா? பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுபவர், கழுத்து பருமனானவர், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டும் குறையாதவர் கட்டாயம் கேட்க வேண்டும். தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவர்கள் பலருக்குப் பல் கடிப்பும் சேர்ந்தே இருக்கிறது. 2004ல் வந்த ஆய்வொன்றில், மேல்தாடைக் கார்டு போட்ட பத்து மூச்சுத்தடை நோயாளிகளில் ஐந்து பேருக்கு மூச்சுத்தடை பாதிக்கும் மேல் கூடிவிட்டது. இதுவும் சிறு ஆய்வுதான். ஆனால் அதன் எச்சரிக்கையைத் தள்ள முடியாது. இப்படிப்பட்டவர்கள் முதலில் போக வேண்டியது காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ. தூக்கப் பரிசோதனை செய்து மூச்சுத்தடை உறுதியானால், காற்றழுத்தக் கருவியோ கீழ்த்தாடையை முன்னே இழுத்துவைக்கும் சாதனமோ தருவார்கள். அந்தச் சாதனம் பல்லையும் காக்கும், மூச்சையும் காக்கும். ஒரே செலவில் இரண்டும் முடியும்போது எதற்கு வேறு கார்டு?

கேப் போடுவதும் பல்லைச் சீவுவதும்

இங்கேதான் நான் அதிகம் வருந்துகிறேன். மேல் கீழ் பற்கள் சரியாகப் பொருந்தாததால்தான் கடிக்கிறார்கள் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அதனால் உயரமான பற்களைச் சீவிச் சமப்படுத்துவார்கள். மூலம் பல் பொருத்தத்தில் இல்லை, மூளையிலும் தூக்கத்திலும் மன அழுத்தத்திலும் இருக்கிறது என்பதே இன்றைய புரிதல். பல் கடிப்பை நிறுத்தும் சிகிச்சையாக யாராவது பல்லைச் சீவச் சொன்னால், வேறொருவரிடம் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

கேப் விஷயம் வேறு. பல் பிளந்திருந்தால், ரூட் கெனால் செய்த கடைவாய்ப்பல் என்றால் அந்தப் பல்லுக்குக் கேப் தேவை. நான் பேசுவது, தேய்ந்துவிட்டன என்பதற்காக எட்டோ பத்தோ பற்களை ஒரேயடியாகச் சீவிக் கேப் போடுவதைப் பற்றி. கடிப்பு நிற்காத வாயில் செராமிக் கேப் ஓரம் உடையும். கேப்பின் பரப்பு கரடுமுரடாக இருந்தால் எதிர்ப்பல்லைத் தேய்க்கும். இம்பிளாண்ட் (எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்) வைத்தவர்களுக்கு அதன் மேல்பகுதி உடைவதும் திருகு தளர்வதும் மற்றவர்களைவிட அதிகம். கேப் உடைந்து லேபுக்கு வருபவர்களிடம் கார்டு போட்டிருந்தார்களா என்று விசாரித்தால், பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். முதலில் கார்டு, வலி அடங்கட்டும், தேய்வு நிற்கட்டும். கூசும் இடங்களுக்குப் பல் நிறச் சிமெண்ட் வைத்து மூடலாம். அது பல்லைச் சீவாமலே ஒட்டும், பெயர்ந்தாலும் மறுபடி வைக்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் பல் உயரம் குறைந்து மெல்ல முடியவில்லை என்றால்தான் முழுவாய்க் கேப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் கேப்புக்கு மேல் ராத்திரி கார்டு தொடரும்.

ஊசி பற்றிச் சுருக்கமாக. கன்னத் தசையில் போடாக்ஸ் போட்டால் தசை பலவீனமாகும், கடியின் வலு குறையும். கடிக்கும் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாது. மூன்று நான்கு மாதத்தில் அதன் வேகம் தீர்ந்துவிடும், மறுபடி போட வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டால் தாடை எலும்பு மெலியுமா என்ற கவலையும் மருத்துவர்களிடையே இருக்கிறது. கன்னத்தசை புடைத்து, கடும் வலியோடு, கார்டு போட்டும் தீராதவர்களுக்கு ஒரு நிபுணர் சொன்னால் சரி. முதல் வழியாக இதை எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பகல் பக்கம் இருக்கும் மருந்து

காசில்லாத வழிகளை மக்கள் மருந்தாகவே எண்ணுவதில்லை. தூக்கத்தில் கடிப்பவர்களில் பலர் பகலிலும் பல்லை இறுக்கியே வைத்திருக்கிறார்கள். சத்தம் வராததால் தெரிவதில்லை. நெல்லைக் கொட்டிவைத்துக் கொள்முதல் நிலைய வாசலில் மழை மேகத்தைப் பார்த்தபடி காத்திருக்கும்போது, பேருந்தில் செல்போனைக் குனிந்து பார்க்கும்போது, தையல் மெஷினில் ஊசியில் நூல் கோக்கும்போது உங்கள் பற்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று கவனியுங்கள். சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவே கூடாது. உதடு மூடியிருக்கலாம், பற்களுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், நாக்கு மேலண்ணத்தில் லேசாகப் படிந்திருக்க வேண்டும். மெஷினிலும் வண்டி டேங்கிலும் போன் முகப்பிலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்தினால் சில வாரங்களில் பழகும். பகல் வலி உள்ளவருக்கு இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன்.

டிகிரி காப்பியை விட வேண்டாம், மாலைக்குப் பிறகு குடிப்பதை விடுங்கள். புகையும் மதுவும் ராத்திரிக் கடிப்பைக் கூட்டுகின்றன. மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின், வென்லாஃபாக்சின் போன்ற மாத்திரைகள் தொடங்கிய சில வாரங்களில் சிலருக்குப் பல் கடிப்பு ஆரம்பிக்கிறது. அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதித்தந்த மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார்.

வெற்றிலை பாக்கு பற்றிச் சொல்லாமல் எங்கள் வட்டாரத்தில் பல்லைப் பற்றி எழுத முடியாது. புவிசார் குறியீடு வாங்கிய கும்பகோணம் வெற்றிலை எங்கள் ஊர்ப் பெருமைதான். பிரச்சினை பாக்கு. நாள் முழுக்கக் கொட்டைப்பாக்கு மெல்லும் தசைக்கு ராத்திரியும் ஓய்வில்லை, பல்லும் தேய்கிறது. அந்தத் தேய்வைத் தூக்கக் கடிப்பு என்று தவறாக எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. இன்னும் பெரிய விஷயம்: பாக்கு வாயின் உட்தோலுக்கு அடியில் உள்ள சதையை நாராக இறுக்கிவிடும். வாய் திறப்பு இரண்டு விரலுக்கும் குறைந்துபோனவர்களுக்கு அளவு எடுக்கும் தட்டையே உள்ளே விட முடியாது. தாடை இறுக்கம் என்று கார்டு கேட்டு வருகிறார்கள், உண்மையில் அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லை, காரம் பட்டால் எரிகிறது, கன்னம் உள்ளே வெளுத்திருக்கிறது என்றால் கார்டு யோசனையை ஒதுக்கிவிட்டுப் பாக்கை அன்றே நிறுத்தி வாய்நோய் மருத்துவரைப் பாருங்கள்.

ஏற்கெனவே தேய்ந்த பல்லை உமிக்கரி வைத்துத் தேய்க்கும் பெரியவர்கள் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். உமியில் இருப்பது சிலிக்கா, அது உப்புத்தாள் செய்யும் வேலையைச் செய்யும். எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு வயிற்று அமிலம் எனாமலை இளக்கிவிட, கடிப்பு அதை இன்னும் வேகமாக அரைத்துவிடும். புளித்தண்ணீர் மேலே வந்தால் உடனே பல் துலக்காமல், வாய் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரமாவது பொறுங்கள்.

குழந்தை கடித்தால்

பூச்சிதான் காரணம் என்ற நம்பிக்கை இங்கே ஆழமானது. பூச்சி மாத்திரை தேவையானதுதான். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசிய குடற்புழு நீக்க நாட்களில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் தருகிறார்கள், கொடுங்கள். ஆனால் அதனால் பல் கடிப்பு நிற்கும் என்று எதிர்பார்க்க ஆதாரம் போதாது. பால்பல் வயதில் கடிப்பது சகஜம், நிரந்தரப் பற்கள் வரும் வயதில் பெரும்பாலும் நின்றுவிடும். பற்கள் முளைத்துக்கொண்டிருக்கும் வாயில் கார்டு மாட்டினால் வளர்ச்சிக்குத் தடை. வாயைத் திறந்தபடி தூங்குகிறதா, குறட்டை விடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அப்படியென்றால் அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை), டான்சில் வீங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்க்க வேண்டும்.

எங்கே செய்வது? உள்ளூர் கிளினிக்கில் கட்டணம் கூடுதலாக இருந்தாலும் திருத்தத்துக்கு நினைத்த நாளில் போகலாம். கெட்டிக் கார்டுக்கு இது பெரிய வசதி. அரசு பல் மருத்துவக் கல்லூரி சிதம்பரத்தில் இருக்கிறது, 2023ல் புதுக்கோட்டையிலும் திறந்திருக்கிறார்கள். செலவு குறையும், தாடை மூட்டு, வாய்நோய், செயற்கைப்பல் என்று எல்லாப் பிரிவும் ஒரே இடத்தில் இருக்கும். ஆனால் பல தடவை நடக்க வேண்டும். வேதாரண்யத்திலிருந்தோ பட்டுக்கோட்டையிலிருந்தோ போகிறவர்கள் நடவு, அறுப்பு வேலைகள் இல்லாத வாரங்களைப் பார்த்து முதல் தேதி வாங்குங்கள். அளவு எடுத்த நாளுக்கும் போட்டுவிடும் நாளுக்கும் நடுவே ஒரு மாதம் தள்ளிப்போனால் பற்கள் கொஞ்சம் நகர்ந்து, செய்துவைத்த கார்டு உட்காராமல் போகலாம்.